யார் சொன்னது, எப்போது சொன்னது

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கைக்கு டயரைக் கழற்றி மாட்டித்தான் பழக்கம். சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று கேட்டால் விழிப்பேன். தப்பு இருந்தால் எழுத்தில் இருக்கும். சொல்வதில் இருக்கக் கூடாது என்றுதான் நிதானமாக எழுதுகிறேன்.

யாரைப் பற்றி எழுதுகிறேனோ அந்த மேடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் நான் கேட்கவில்லை. ஒருவரிடம் கேட்காமல் அவர் பெயரைப் போடக் கூடாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான்.

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடிக்குப் போகிற ரோட்டில், உள்ளே ஒரு கிராமத்துக்குப் பிரிகிற விலக்கில் என் பஞ்சர் கடை இருக்கிறது. நிழற்குடை கிடையாது. கடைக்கு முன்னால் நான் இறக்கியிருக்கும் தகரத்துக்குக் கீழேதான் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்தக் கல்லூரியில் மேடம் ஆங்கிலம் நடத்தினார். நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. இதை அவரே சொல்லிக் கேட்டேன்.

அவர் முதலில் என் கடைக்கு வந்தது ஒரு பழைய ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு. வெயிலில் முகம் சிவந்திருந்தது. டயரைப் பார்த்ததும், "ஆணி ஏறியிருக்குங்க" என்றேன்.

"பார்த்தீங்களா, நினைக்கிறீங்களா?"

எனக்கு விளங்கவில்லை.

"ஆணியைக் கண்ணால பார்த்தீங்களா? இல்ல, எப்பவும் ஆணியாத்தான் இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கிறேங்க."

"அப்ப அப்படியே சொல்லுங்க. நினைக்கிறது ஒண்ணும் தப்பில்ல."

ட்யூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. வால்வு அடியில் விட்டுப்போய் அங்கிருந்து குமிழி வந்தது. மேடம் குனிந்து பார்த்தார். ஜெயித்த மாதிரி சிரிக்கவில்லை. "இப்ப பார்த்தாச்சு" என்றார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. இந்த அம்மா தட்டில் இருப்பது சோறுதானா என்று விசாரித்த பிறகுதான் சாப்பிடுவார் போல என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

போகப் போகத்தான் தெரிந்தது, அவர் ஆளே அப்படித்தான். சாயங்காலம் பிள்ளைகள் இறங்குகிற நேரத்தில் சில நாள் அவரும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு என் தகரத்தடியில் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். யாராவது "மேடம், இப்படிச் சொல்றாங்க" என்று ஆரம்பித்தால் போதும், "ஹூ ஸெட்? வென்?" என்று கேட்டுவிடுவார். யார் சொன்னது, எப்போது சொன்னது. பிள்ளைகள் அவர் தலை மறைந்ததும் ஒருத்தரை ஒருத்தர் அப்படியே கேட்டுச் சிரிப்பார்கள். நான் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அந்த மூன்று சொல்தான்.

படிப்பில் எழுதும் ஆங்கிலத்துக்கு அதுதான் அஸ்திவாரம் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். "கட்டுரையில நீ ஒண்ணு சொன்னா, அது ஒன்னோடதா, இன்னொருத்தரோடதான்னு எழுதணும். இன்னொருத்தரோடதுன்னா அவர் பேர், நாள், ரெண்டும் வரணும். பேர் இல்லேன்னா ஒண்ணு அது திருட்டு, இல்ல வதந்தி." பிறகு, "பரீட்சைக்கு எழுதுற இங்கிலீஷு பரீட்சை ஹால்லயே கிடந்துட்டா எனக்கு என்ன வேலை? வெளியில வந்து ஓட்டிப் பாருங்க" என்பார்.

அவர்களும் ஓட்டிப் பார்த்தார்கள். உள்கிராமத்துப் பிள்ளை ரம்யா, எல்லாரிலும் வாய் அதிகம். அவளுக்குச் சம்பந்தம் பேச ஒரு தரகர் வந்து, பையன் சவுதியில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருக்கிறார். இவள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "யார் சொன்னது, எப்பச் சொன்னது?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் அவள் அம்மா நேராக என் கடைக்கு வந்து மேடத்தைப் பிடித்துக்கொண்டது. இது நான் பார்த்தது.

"ஏம்மா, எம்மகளை ஒங்ககிட்ட இங்கிலீஷு படிக்க அனுப்புனேனா, போலீஸு வேலைக்கு அனுப்புனேனா? தரகரு மூஞ்சி செத்துப்போச்சு!"

மேடம் பணிவாகத்தான் கேட்டார். "பையன் சூப்பர்வைசர்னு தரகருக்கு யார் சொன்னாங்கம்மா?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "பாத்தீகளா, இவுகளும் அதையேதான் கேக்குறாக!" என்று கத்தியது. பிறகு தானே சிரித்துவிட்டது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. ரம்யா கொஞ்ச காலம் தப்பித்தாள்.

ஆனால் எல்லா இடத்திலும் சிரிக்க முடியாது. என் மாமனார் இறந்தபோது மேடம் துக்கம் கேட்க வந்தார். அந்நியமான ஊரில், பஞ்சர் கடைக்காரன் வீட்டுச் சாவுக்கு அவர் வர வேண்டியதே இல்லை. வந்தார். என் மனைவி அழுதுகொண்டே, "காலையிலகூட நல்லாத்தான் இருந்தாருங்க, நெஞ்சடைப்புதான் கொண்டுபோயிருச்சு" என்றாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சடைப்புன்னு டாக்டர் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட உடனே அவர் முகம் மாறியது. தன் வாயைத் தானே பிடிக்க முடியாதவர் போல உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. என் மனைவி கையை உருவிக்கொண்டாள். அவள் தம்பி, என் மைத்துனன், வாசலில் நின்று இதைக் கேட்டான். "எங்கப்பன் செத்ததுக்கும் சாட்சி வேணுமாக்கும்" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மேடத்தின் பேச்சை எடுத்தால் சோற்றுத் தட்டு சத்தமாகத்தான் விழும்.

அந்த மைத்துனன் டவுன் பஸ் ஓட்டுகிறான். எங்கள் விலக்கு வழியாகப் போகும் காலை பஸ் அவனுடையது.

இனிமேல் நான் சொல்வது என்னைப் பற்றி. நான் வாய் பேசத் தயங்குகிறவன். கடைக்கு வருகிற ஆளின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டேன். டயரைப் பார்த்துத்தான் பேசுவேன். அப்படிப்பட்ட என்னை ரோட்டுக்கு இழுத்து நிறுத்தியது இந்தப் பிள்ளைகள்தான். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை, இலவசம் என்று ஆன பிறகு, பெண்பிள்ளைகள் மட்டும் நின்றால் காலை பஸ் நிற்காமல் போக ஆரம்பித்தது. பக்கத்தில் ஓர் ஆம்பிளை நின்றால் நிற்கும். இதை முதலில் கண்டுபிடித்தவள் ரம்யாதான்.

"அண்ணே, கொஞ்சம் இங்கிட்டு வந்து நில்லுங்கண்ணே."

"எதுக்கு?"

"சும்மா நில்லுங்க. போற மாதிரி மூஞ்சியை வச்சுக்கங்க."

கையில் சொலூஷன் பசையோடு போய் நின்றேன். பஸ் நின்றது. பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். நான் ஏறவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்து என் மைத்துனன் என்னை முறைத்தான். அது தினமும் நடக்கிற காரியமாகிவிட்டது. பஸ் சத்தம் கேட்டால் நான் லீவரைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் போய்ப் பயணி மாதிரி நிற்பேன். "எங்கண்ணன் நடிக்கப் போயிருந்தா எங்கயோ இருந்திருக்கும்" என்று ரம்யா கேலி செய்வாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. வாயைத் திறக்காமல் ஒருத்தருக்கு உதவ முடிகிறது, பாருங்கள்.

ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது மைத்துனன் என்னிடம் சொன்னான்: "அஞ்சாறு புள்ளைகளுக்கு ஒவ்வொரு வெலக்குலயும் நிறுத்துனா டயத்துக்குப் போய்ச் சேர முடியுமா மாமா? ஆம்பள நின்னா டிக்கெட்டுன்னாவது நிறுத்தலாம்." அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே ஆள் இருக்கிறது. இது நான் நினைப்பது.

நான் கடையை அடைத்துவிட்டு எங்காவது போகிற நாளில் பிள்ளைகள் காலை வகுப்பைத் தவறவிட்டார்கள். மேடத்தின் வகுப்பு. ஏன் என்று அவர் கேட்டிருக்கிறார். ரம்யா சொன்னதும், அவர் சும்மா பரிதாபப்படவில்லை; அதையே பாடமாக்கிவிட்டார். பிள்ளைகள் பல நாள் தாளில் குறித்தார்கள்: ஆம்பிளை நின்ற நாள், நிற்காத நாள், பஸ் நின்றதா, போனதா. நான் தகரத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சில நாள், வெளியே நிற்க வேண்டும் என்று சில நாள். நான் அவர்கள் சொன்னபடி செய்தேன். அப்புறம் மேடமும் ரம்யாவும் கடைக்கு வந்து என்னிடம் கேட்டார்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "புள்ளைக மட்டும் நின்னா நிக்காதுங்க. நான் போயி நின்னா நிக்கும்."

ரம்யா எழுதினாள். மேடம் அதை வாங்கி, நான் சொன்னதை எனக்கே திருப்பி வாசித்தார். "இதுதானே நீங்க சொன்னது?"

என் வாழ்க்கையில் நான் சொன்னதை யாரும் எனக்குத் திருப்பி வாசித்ததில்லை. காது சூடானது. தலையை ஆட்டினேன்.

"உங்க பேர் போடலாமா? இஷ்டமில்லேன்னா வேண்டாம். பேர் போட்டா, யாராவது வந்து உங்களைக் கேட்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவில்லை. மறுபடி தலையை ஆட்டினேன். ரம்யா ஆங்கிலத்தில் எழுதி வாசித்துக் காட்டினாள். நடுவில் முருகேசன் என்று என் பெயர் மட்டும் எனக்குக் கேட்டது. அன்று முழுக்க டயர் கழற்றும்போதெல்லாம் அது காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த அறிக்கையை ஆங்கிலத்தில் கல்லூரிக்கும், தமிழில் பஸ் ஆபீஸுக்கும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது. என் மனைவி சோறு போடவில்லை. "எந்தம்பிக்கு மெமோ குடுத்தா நீங்கதான் காரணம். அந்த அம்மாவுக்காக எங்க குடும்பத்தைக் காட்டிக் குடுக்கப் போறீகளா?" என்று கேட்டாள். வெறும் வயிற்றோடு கடைக்குப் போய்விட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

ஜீப் காலையில் வந்தது. மேடமும் பிள்ளைகளும் தகரத்தடியில் நின்றார்கள். அதிகாரி தாளைப் பார்த்து, "பஞ்சர் கடை முருகேசன் யாருப்பா?" என்றார். நான் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஓட்டை எங்கே என்று எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"பொம்பளப் புள்ளைக மட்டும் நின்னா பஸ் நிக்கிறதில்லைன்னு நீ சொன்னதா எழுதியிருக்கே?"

"பஸ் நிக்கும் சார்."

"அப்ப இது?"

"நான் அப்படிச் சொல்லலை சார்."

குமிழி வந்துகொண்டே இருந்தது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜீப் போன பிறகுதான் ரம்யா கத்தினாள். "பொய் சொல்றாரு மேடம்! நம்ம கிட்ட சொன்னாருல்ல! நீங்களும்தான் இருந்தீங்க!"

மேடம் சத்தம் போடாமல் கேட்டார். "அவர் பொய் சொல்றார்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மேடம்!"

"பயந்துட்டார்னு சொல்லு. அதைப் பார்த்தோம். அவர் ட்யூபை விட்டுத் தலை நிமிராததைப் பார்த்தோம். அதுக்கு மேல நமக்குத் தெரியாது." பிறகு என் பக்கம் வந்தார். நான் நிமிரவில்லை. அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. "நீங்க சொன்னது உங்களோடதுங்க. வேண்டாம்னா திருப்பி எடுத்துக்கலாம். உங்க பேரையும் நீங்க சொன்னதையும் அடிச்சிடறோம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் திட்டியிருப்பார்கள். நானும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். அவர் எனக்கு மரியாதை கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

பஸ் ஆபீஸிலிருந்து கல்லூரிக்குப் பேசினார்களாம். பொய்ப் புகார் கொடுக்க மேடம் பிள்ளைகளைத் தூண்டிவிட்டதாகச் சொன்னார்களாம். பிள்ளைகள் இட்டுக்கட்டிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாக நிர்வாகம் மேடத்திடம் கேட்டதாம். "சொன்னவர் ஒருத்தர் பின்வாங்கினது உண்மை. பிள்ளைங்க பார்த்தது பொய்யில்ல" என்றாராம். அந்த வருஷத்தோடு அவர் வேலையைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு இதைச் சொன்னது கல்லூரி வாட்ச்மேன், டிவிஎஸ் வண்டிக்குப் பேட்ச் போட வந்த அன்று.

போவதற்கு முன் மேடம் ஒருமுறை காற்றுப் பிடிக்க வந்தார். "பின் டயர்ல காத்துக் கொறையுதா?" என்றார்.

"கொறையுதுன்னு நினைக்கிறேங்க."

"நினைக்கிறீங்களா!" என்று சிரித்தார். பயந்துதான் பொய் சொன்னேன் என்று நான் அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். கம்ப்ரசர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று இருந்தேன். நிற்பதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார். இப்போது சிவகங்கைப் பக்கம் இருக்கிறார் என்று ஒருவர் சொல்கிறார், சென்னையில் என்று ஒருவர். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ரம்யா அதன் பிறகு என்னை நிற்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன். பஸ் நின்றது. மற்ற பிள்ளைகள் ஏறினார்கள். அவள் மட்டும் கீழேயே நின்றாள். "நீங்க போங்கடி, நான் அடுத்த பஸ்ஸுல வாரேன்" என்றாள். அடுத்த பஸ் வர மதியமாகும். கொஞ்ச நாளில் அவள் வருவதே நின்றுவிட்டது. இவ்வளவு தாமதமாகப் போய் என்ன படிக்கிறாள் என்று அவள் அப்பா நிறுத்திவிட்டாராம். பிறகு கல்யாணம் செய்து கொடுத்தார்கள். பஸ்ஸால்தான் எல்லாம் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து இன்றுவரை காலையில் பஸ் சத்தம் கேட்டால் நான் போய் நிற்கிறேன். வெயில், மழை, காய்ச்சல் எதுவானாலும் நிற்பேன். பட்ட கடனை இப்படித்தான் அடைக்கிறேன் என்று எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. போன வாரம்வரை இருந்தது.

இப்போது ரம்யாவின் தங்கை பவித்ரா அதே கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் நான் போய் நின்றதும் என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, இனிமே நீங்க நிக்க வேண்டாம்."

"ஏன் ஆத்தா?"

"நாங்க மறுபடி மனு குடுக்கப் போறோம். நீங்க நின்னா பஸ் நிக்குது. பஸ் நின்னா நாங்க சொல்றது பொய்யாயிரும்ல?"

"இது யார் சொன்னது?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்காதான். நேத்து போன்ல. அந்த அண்ணன் நல்லவருதான், ஆனா அவரு நிக்கிற வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாதுன்னு சொல்லிச்சு."

நல்லவர் என்று ரம்யா சொன்னாள். எனக்கு அது தாங்கவில்லை. இத்தனை வருஷமாக உதவி என்று நான் செய்ததெல்லாம், நான் சொன்ன பொய்யைத் தினமும் காலையில் மறுபடி சொன்னதுதான். அதிகாரி யாராவது அந்தப் பக்கம் வந்து பார்த்திருந்தால், பிள்ளைகள் நிற்கிறார்கள், பஸ் நிற்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதியிருப்பார்.

இன்று காலை நான் போகவில்லை. கடைக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். கால் தானாக எழுந்தது. பிடித்து உட்கார வைத்தேன். பவித்ராவும் இன்னும் சில பிள்ளைகளும் கை காட்டினார்கள். மைத்துனன் என்னைத் தேடித் தகரத்தடியைப் பார்த்தான். பிறகு போய்விட்டான். புழுதி அடங்க நேரமானது.

வீட்டுக்கு வந்து தாள் எடுத்தேன். என் மனைவி, "என்னங்க எழுதுறீக?" என்றாள்.

"பாத்ததை."

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "எந்தம்பி பேரு வருதா?"

"வரலை. அவங்கிட்ட நான் கேக்கலை. சாட்சின்னு எம்பேரு மட்டுந்தான்."

அவள் உள்ளே போனாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைப் பவித்ராவிடம் கொடுப்பேன்; அவள் பெயரும் அவள் அக்கா பெயரும் இதில் இருக்கலாமா என்று முதலில் கேட்பேன். எனக்கே திருப்பி வாசித்து, இதுதானே நான் சொன்னது என்று கேட்கச் சொல்வேன்.

பெண்பிள்ளைகள் மட்டும் நின்றால் காலை டவுன் பஸ் எங்கள் விலக்கில் நிற்பதில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றால் நிற்கிறது. இதை முன்பு சொன்னேன். பிறகு சொல்லவில்லை என்றேன். சொன்னேன். இது நான் பார்த்தது.

சொன்னது: முருகேசன், பஞ்சர் கடை, விலக்கு ரோடு.

சொன்ன நாள்: ஐப்பசி மாதம், முதல் திங்கட்கிழமை, பஸ் நிற்காமல் போன பிறகு.